128 வீடு தள்ளி

கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, பள்ளிப்பட்டு சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

உங்களில் பாதிப் பேருக்கு இந்த மடலை யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். வீட்டில் ஆயாவிடம் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் நாம். தமிழில் பேசுவோம், சண்டை போடுவோம், சினிமா பார்த்து விசில் அடிப்போம். எழுத்தைக் காட்டினால் மட்டும் முழிப்போம். படித்துக் காட்டுகிறவர் கொஞ்சம் நிதானமாகப் படிக்கட்டும். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் நேராக வரமாட்டேன். இருபத்திரண்டு வருஷமாகத் தரவுத்தளத்தில் குப்பை கொட்டுகிறவனுக்கு சனிக்கிழமை மதியம் கிடைப்பதே பெரிது. அதை அவசரமாகச் செலவழிக்க மனசு வராது.

என் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் நைனாவைப் பார்த்து, “இன்டிபேரு ஏமி?”, அதாவது குடும்பப் பெயர் என்ன, என்று கேட்டார். “நமக்கு அதெல்லாம் கிடையாது சார். அப்பா பேர்ல மொத எழுத்து ஒண்ணு போட்டுக்குவோம்” என்றார் நைனா. வாத்தியாருக்கு அது பதிலாகவே படவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மனிதர் பேனாவை ஒருதரம் உதறிவிட்டு, இன்டிபேருக்கான கட்டத்தில் ‘கார்வேட்டி’ என்று எழுதி முடித்துவிட்டார். ஆந்திராவில் ஊர்ப்பெயரை இன்டிபேராக வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கூட்டத்தில் நாங்களும் சேர்ந்தோம். அது மார்க் ஷீட்டுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் போய், கடைசியில் ஆபீஸ் அடையாள அட்டையில் வந்து குந்திக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர் ‘மிஸ்டர் கார்வேட்டி’ என்று கூப்பிடும்போதெல்லாம், கோயில் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பது போலிருக்கும்.

தெலுங்குக்காரருக்கு இன்டிபேரு முன்னால் வரும். தமிழருக்கு இனிஷியல் முன்னால் வரும். இணையத்தில் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் இரண்டையும் பின்னால் போடச் சொல்கிறது. போடாவிட்டால் சிவப்பு நட்சத்திரம் கண்ணை உருட்டுகிறது. அந்த நட்சத்திரத்தை வைத்தவன் எங்கோ கலிஃபோர்னியாவில் இருக்கிறான் என்று திட்டவேண்டாம். நானே வைத்திருக்கிறேன், இரண்டு வங்கிகளுக்கு.

முகவரி இன்னொரு கூத்து. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தார்கள் அல்லவா, புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது, கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே நின்றது. இப்போது ரயிலை விட்டு இறங்குவது ஒரு மாவட்டத்தில், பஸ்ஸை விட்டு இறங்குவது இன்னொரு மாவட்டத்தில். பார்சல் கொண்டுவரும் செயலி ஒன்றுக்கு (பெயர் வேண்டாம்) இந்தச் சங்கதி இன்னும் போய்ச் சேரவில்லை. அம்மாவுக்கு நான் அனுப்பிய ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி புத்தூரைத் தாண்டித் திருப்பதிக்குப் போய், அங்கே மூன்று நாள் தங்கி, தரிசனமெல்லாம் முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளா என்று கேட்க மறந்துவிட்டேன்.

கோடு மாறுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் நாம் வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. அப்புறம் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் ஊர் ஊராகக் கூட்டம் போட்ட வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாம் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். இடையில் 1957 ஏப்ரல் 1 அன்று அணாவை ஒழித்து நயா பைசா கொண்டுவந்தார்கள். நம் தலையில் எழுதுவதெல்லாம் ஏப்ரல் ஒன்றாம் தேதியில்தான் எழுதுவார்கள் போல. வருஷக் கணக்கு தொடங்கும் நாள் என்பதுதான் காரணம். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆயாவுக்குத் தாய்வீடு பள்ளிப்பட்டு. ‘தமிழ்நாட்டுக்குப் போறேன்’ என்று அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. ‘ஊருக்குப் போறேன்’ என்பாள். கார்வேட்டியில் ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய பிறகும் அவளுக்கு ஊர் அதுதான். ஐப்பசி கார்த்திகையில் நம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலம் மூழ்கும். மறுநாள் தமிழ்ப் பேப்பரில் படத்தோடு வரும். ‘என் வீட்டுக்குத் தண்ணி அனுப்புறாங்க’ என்று சிரிப்பாள். அந்தத் தண்ணீர் கொசஸ்தலையாக ஓடிப் பூண்டி ஏரியில் விழுந்து, அங்கிருந்து சென்னைக் குழாய்களுக்கு வருகிறது. காலையில் அரைத்தூக்கத்தில் வாய் கொப்பளிக்கும்போது சில நாள் தோன்றும், இது போன வாரம் நம் பக்கம் கிடந்த தண்ணியாக இருக்கும் என்று.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பெண்மணி. மயிலாப்பூர்க்காரர். சேர்ந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “கார்வேட்டிநகரமா? சாரங்கபாணி ஊர்னு சொல்லுங்க” என்றார். நான் நம் ஊரில் அந்தப் பெயரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது பதம் எழுதிய சாரங்கபாணியை. நம் ஜமீன் சபையில் இருந்தவர். தெலுங்கில் பதங்கள் செய்தவர். வேணுகோபாலன் பெயரை முத்திரையாக வைத்தவர். எந்த வேணுகோபாலன்? நீங்களும் நானும் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் போய்க் கும்பிட்ட அதே வேணுகோபாலசாமி. சகானா ராகத்தில் அவர் பதம் ஒன்றுக்கு மார்கழியில் சென்னை மேடைகளில் எத்தனையோ பேர் அபிநயம் பிடிக்கிறார்கள். அன்றிரவு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தேடிக் கேட்டேன். சங்கீதம் எனக்கு ஓடாது. ஆனாலும் மூன்று பேர் பாடியதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் படுத்தேன். ஒரு ஊரில் பதினேழு வருஷம் வளர்ந்தும் அந்த ஊரின் பெயர் எதற்காக வெளியே தெரியும் என்பதை மயிலாப்பூரிலிருந்து வந்து ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. நமக்குத் தெரிந்த உள்ளூர்ப் பெருமையெல்லாம் எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டோடு சரி. அது பெருமைதான், மறுக்கவில்லை. தட்டச்சு செய்து மணிக்கட்டு வீங்கினவர்கள் சென்னையில் எந்தத் தெருவிலும் நம் பக்கத்துப் பலகையைப் பார்க்கலாம்.

அதன் பிறகு எனக்கு ஒரு வியாதி வந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இணையத்தில் ஊரைத் தேடுவது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரை நாம் எழுதுவது போல் எழுதித் தேடினால் கோயில் நேரமும் பஸ் நேரமும்தான் வரும். ‘கார்வெட்நகர்’ என்று வெள்ளைக்காரன் எழுதினது போல ஆங்கிலத்தில் போட்டால் பழைய கெஜட்டியர்கள் வரும். 1881இல் ஆர்தர் காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவில் போட்டிருக்கிறார்கள். நம் ஏரி குளம் பாளையம் எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் ஊர்ப் பெயரையே மறந்துவிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காகிதங்களில் நம் சீமைக்குப் பெயர் ‘பாம்ரௌஸ்’. ஏதோ அத்தர் கம்பெனி மாதிரி இருக்கிறதே என்று கடந்து போய்விட்டேன், இரண்டு மூன்று தடவை. பொம்மராஜு என்பதைத்தான் ஏதோ ஒரு கம்பெனித் துரை அப்படிக் காதில் வாங்கியிருக்கிறான். பொம்மராஜு பாளையம், வெங்கடகிரி, காளஹஸ்தி, சைதாபூரோடு 1802இல் நிரந்தர ஜமீனாக்கப்பட்ட நான்கில் ஒன்று. காடுவெட்டி நகரம் என்பதுதான் கார்வேட்டிநகரம் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெயரில் தேடினால் வேறு எங்கெங்கோ கொண்டுபோய் விடும், நேரம் விரயம்.

இப்படித் தேடும்போதுதான் நகரி மூக்கும் கிடைத்தது. ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியுமே, மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பாறை. கடலில் வரும் கப்பல்காரர்கள் அதை அடையாளம் வைத்துக் கரையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நமக்கு அது, பையை இறக்கி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். புத்தூர் அடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா கார்வேட்டியில் மளிகைக் கடை வைத்திருந்தார். பருப்பு, கிருஷ்ணாயில், நம் சித்தூர்ச் சீமை வெல்லம். நான் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்தக் கடையில்தான். பொட்டலம் கட்டுவதற்குப் பழைய பேப்பர் மெட்ராஸிலிருந்து மூட்டையாக வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிக்கப் போகும் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும் தலைப்புகளைத் தாத்தா படிக்கச் சொல்வார். சரியாகப் படித்தால் பொட்டுக்கடலை. தப்பாகப் படித்தாலும் பொட்டுக்கடலைதான், ஆனால் கொஞ்சம் கம்மியாக. என் தமிழ் அந்தப் பொட்டலத் தமிழ். அதற்கு மேல் பெரிதாகத் தேறவில்லை.

கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி தெலுங்குக்காரர்கள். தாத்தா அவர்களோடு தெலுங்கில் பேசுவார், பேரம் பேசுவார், திட்டுவார். கணக்கு மட்டும் தமிழில் எழுதுவார். நீளவாட்டில் தைத்த பேரேடு, சிவப்புத் துணி அட்டை, மேலே ஒரு பிள்ளையார் சுழி. கடன் வாங்கினவர்களுக்கு அதில் அவர் வைத்த பெயரே தனி: கோயில் வீதிப் பூக்கார அம்மா, குளத்தங்கரைத் தயிர்க்காரி, ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம் பண்ணின தபால்காரர். சொந்தப் பெயரை எழுதினால் வேறு யாராவது பார்த்துவிட்டால் கௌரவக் குறைச்சல் என்பாராம்.

தாத்தா போய் முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரேடு ஒன்றை நான் கையில் எடுத்தேன். இரண்டு வரி தாண்ட முடியவில்லை. தமிழ்தான், ஆனால் நடுநடுவே நான் பார்த்தே இராத உருவங்கள். அதில் ஒன்று பக்கத்துக்கு இருபது தடவை வந்தது: ௸. பழைய தெலுங்கு எழுத்தாக இருக்கும் என்று நினைத்தேன். தெலுங்கு படித்த தங்கச்சியிடம் காட்டினேன். அவள் தமிழாக இருக்கும் என்றாள். இருவரும் அவரவர் பள்ளிக்கூடத்தை நொந்துகொண்டோம்.

போனில் படம் பிடித்து எழுத்தைப் படிக்கச் சொன்னேன். அது இன்னும் மோசம். தமிழ் எண்கள் பல பார்ப்பதற்கு எழுத்து மாதிரியே இருக்கும்: ௧ என்றால் ஒன்று, க போல, ௨ என்றால் இரண்டு, உ போல, ௭ ஏழு, எ போல, ௮ எட்டு, அ போல. ‘வெல்லம் வீசை ௨’ என்று தாத்தா எழுதியிருந்ததைப் போன் ‘வெல்லம் வீசை உ’ என்றது. பக்கத்தின் தலையில் இருந்த பிள்ளையார் சுழியை மட்டும் கர்ம சிரத்தையாக இரண்டு என்று படித்தது. விநாயகர் இரண்டு வீசை.

கடைசியில் யூனிகோட் அட்டவணையைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன், தமிழ்ப் பக்கத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் இதைப் படித்துக் காட்டுகிறவருக்காகச் சொல்கிறேன்: கணினிக்கு எழுத்தெல்லாம் தெரியாது, எண்தான் தெரியும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே தெருவில் வரிசையாகக் கதவெண் கொடுத்ததுதான் யூனிகோட். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 வீடுகள். 3072இல் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? தெலுங்கு. அடுத்த வீடு. இரண்டு வரிசைக்கும் நடுவில் சந்து கூடக் கிடையாது. நகரி தாண்டினால் திருத்தணி மாதிரி.

இன்னும் இருக்கிறது. க என்ற எழுத்தின் கதவெண் 2965. அதோடு 128ஐக் கூட்டுங்கள், 3093. அது தெலுங்குக் க. த, ப, ம, ய, ர எதை எடுத்தாலும் 128 வீடு தள்ளி அதன் தெலுங்குக் கூடப்பிறந்தது உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கும் ரஷ்யனுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. நம் இந்திய எழுத்துகளை எல்லாம் ஒரே அச்சில் வரிசைப்படுத்திய பழைய இஸ்கி முறையை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு வரி நிரல் எழுதி, ‘கார்வேட்டிநகரம்’ என்பதைத் தமிழில் கொடுத்து, எழுத்துக்கு 128 கூட்டித் தெலுங்கில் வாங்கினேன். வந்ததைத் தெலுங்கு நண்பனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: “மீ ஊர்லோ நக்கலு உன்னாயா?” உங்கள் ஊரில் நரிகள் இருக்கின்றனவா என்று கேட்கிறான். நகரத்தில் இருக்கும் மெல்லிய க அழுத்தமான க ஆகிவிட்டது. தமிழில் எல்லா உச்சரிப்புக்கும் ஒரே க. க வீட்டுக்கும் ங வீட்டுக்கும் நடுவில் மூன்று மனைகள் காலி. தெலுங்குப் பக்கம் அதே மூன்று மனைகளில் கட்டடம் எழும்பி ஆட்கள் குடியிருக்கிறார்கள். இரண்டு சுழி ன வீட்டுக்கு நேரே, அந்தப் பக்கம் வெறும் மனை.

ழ மட்டும் வேறு கதை. 2996 நம் ழ. அதற்கு நேரான 3124 வெகுகாலம் காலியாகத்தான் கிடந்தது. 2014இல் வந்த யூனிகோட் 7ஆம் பதிப்பில் அங்கே தெலுங்கு ழவைக் குடிவைத்தார்கள். தெலுங்கில் ஏது ழ என்று கேட்பீர்கள். இருந்தது. கடப்பைப் பக்கம் ரேநாட்டுச் சோழர்கள் கல்வெட்டு வெட்டிய காலத்துப் பழந்தெலுங்கில் ழ உண்டு, பிற்பாடு உதிர்ந்துவிட்டது. கல்வெட்டுக்காரர்களுக்கு அதை எழுதிக்காட்ட எழுத்து வேண்டியிருந்ததால் திரும்ப வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. மனைவி, “சாப்பாடு ஆறுது” என்றாள்.

நான் தேடிய ௸ எங்கே இருந்தது? தமிழ் வரிசையின் கடைசியில், தெலுங்கு எல்லைக்குப் பக்கத்தில். 3059 முதல் 3066 வரை எட்டு வீடுகள்: நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண். அதில் ௸ மேற்படி. ௶ பற்று, ௷ வரவு. தாத்தா ஒவ்வொரு வரியிலும் ‘௸யாருக்கு’ என்று எழுதியிருந்தது இதுதான்: மேற்படியாருக்கு. மேலே சொன்ன அதே ஆளுக்கு. பூக்கார அம்மா என்று தலைப்பில் ஒருதரம் எழுதிவிட்டு, கீழே மாசம் பூராவும் மேற்படியாருக்கு, மேற்படியாருக்கு என்று போய்க்கொண்டிருக்கிறார். இந்த எட்டும் 2003இல்தான் யூனிகோடுக்குள் வந்தன. அதற்கப்புறம் 3067 முதல் 3071 வரை ஐந்து வீடு யாரும் இல்லை, புறம்போக்கு. தாண்டினால் தெலுங்கு. நம்மூர்க் கணக்குப்பிள்ளைகளை எல்லையில் உட்காரவைத்தவர்கள் கார்வேட்டிநகரத்தை மனசில் வைத்துச் செய்திருக்க வாய்ப்பில்லை. எனக்கென்னவோ தாத்தா கடைக்கு வெளியே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருந்தது போல்தான் தெரிந்தது.

அணாக் கணக்குக்கு இன்னும் தள்ளிப் போக வேண்டியிருந்தது. பேரேட்டில் மாகாணி, அரைக்கால், முந்திரி என்று பின்னங்களுக்கெல்லாம் தனிக் குறிகள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு அணா என்றால் மாகாணி, பதினாறில் ஒரு பங்கு. முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இந்தக் குறிகளுக்கெல்லாம் 2019 மார்ச்சில் வந்த 12ஆம் பதிப்பில்தான் இடம் கிடைத்தது, மொத்தம் 51. ஊருக்குள் மனை தீர்ந்துபோனதால் வெகுதூரத்தில், 73664ஆம் எண்ணிலிருந்து. அந்த முதல் வீட்டில் முந்திரி. பல போன்களில் இன்றும் அது வெறும் கட்டமாகத்தான் தெரிகிறது. காட்டும் எழுத்துரு இருந்தால்தானே. என் போனிலும் கட்டம்தான். ஆகவே இங்கே போட்டுக் காட்டவில்லை.

அந்த வாரத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. சுப்பராம தீட்சிதர் என்பவர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. அந்தப் பெரிய புத்தகத்தின் ஸ்கேன்களும் இணையத்தில் இருக்கின்றன. கார்வேட்டிநகரத்து வாக்கேயக்காரர் கோவிந்தசாமையாவின் பெயர் அதில் இருப்பதால்தான் தேடிப் போனேன். திறந்தால் முழுக்கத் தெலுங்கு எழுத்து! கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தெலுங்கில் அச்சடித்திருக்கிறார். கார்வேட்டியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தாத்தா வெல்லக் கணக்கைத் தமிழில் எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியாது. எப்படியும் தாத்தா கடன் கொடுத்திருப்பார்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

பரண் மேல் இருந்த தகரப் பெட்டியில் பதினோரு பேரேடுகள் இருந்தன. நான் ஒன்றைத்தான் சென்னைக்கு எடுத்து வந்திருந்தேன். குறிகளெல்லாம் புரிந்த பிறகு, அம்மாவுக்குப் போன் செய்து மிச்சத்தையும் எடுத்து வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “போன போகிக்கு எரிச்சாச்சுப்பா. பூச்சி அரிச்சிருந்துது. ஒண்ணு மட்டும் அட்டை நல்லாருக்குன்னு உன் தங்கச்சி எடுத்து வச்சா.” ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். அம்மா கோபப்படவில்லை. “யாரு படிக்கப் போறா? உன் பொண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?” என்றாள்.

தெரியாது. என் மகளுக்கு ஆங்கிலம் தெரியும், பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள், பைத்தான் எழுதுகிறாள். அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஒன்பது புத்தகம். பூக்கார அம்மாவும் தயிர்க்காரியும் அணாவும் வீசையும், நயா பைசா வந்த வருஷம் தாத்தா எப்படித் திண்டாடினார் என்பதும், பள்ளிப்பட்டு தமிழ்நாட்டோடு போன மாசத்தில் அந்தப் பக்கத்து பாக்கியை எப்படி வசூலித்தார் என்பதும் அதில்தான் இருந்திருக்கும். இருந்திருக்குமா என்பது கூட இனித் தெரியாது. என்னிடம் இருக்கும் இரண்டும் அந்த வருஷங்களுடையவை இல்லை.

அதனால்தான் உங்களுக்கு இந்த மடல். நகரியில் தறி வைத்திருந்த தாத்தாக்கள், நாராயணவனத்தில் பாவு போட்டவர்கள், மாந்தோப்புக் குத்தகைக்காரர்கள், கர்ணம் வேலை பார்த்தவர்கள் எல்லாருடைய வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பத்திரம், பாக்கிச் சீட்டு, மொய் நோட்டு, ஜாதகம், நெல் அளந்த கணக்கு. உங்களால் படிக்க முடியாது என்பதற்காக அது குப்பையாகிவிடாது. எழுத்துதானே, கற்றுக்கொள்ளலாம். தெலுங்கு தெரிந்தவருக்கு வரிசை ஏற்கெனவே மனப்பாடம். உருவம் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாசத்துக்கு ஒரு புது நிரல்மொழி கற்கிறீர்கள், இதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதாதா? வேறு வழியே இல்லையென்றால் தினமும் பழைய பேப்பர் பொட்டலத்தைப் பிரித்துப் படியுங்கள். பொட்டுக்கடலையை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

படிக்க வராவிட்டாலும் படம் எடுங்கள். வெயில் நேராகப் படாத ஜன்னலோரம், பக்கத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல். அட்டையையும் முதல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், வருஷம் அங்கேதான் இருக்கும். எதையும் வெட்டிச் சிறிதாக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: யாருடைய கொள்ளுத்தாத்தா யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வெளியே வரும். அதை ஊர்க் குழுவில் போட்டு வைக்காதீர்கள். சங்கராந்தி சமயத்தில் ஊரில் சண்டை வேண்டாம். குறி ஏதாவது புரியாமல் நின்றால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ௸ மட்டும் இனி உங்களுக்கே தெரியும்.

போகி ஜனவரியில் வருகிறது. அதற்கு முந்தின ராத்திரியாவது வீட்டில் இருங்கள். புத்தூரில் நிற்கும் ரயில்களுக்கு முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும். திறந்த அன்றே போட்டுவிடுங்கள், அப்புறம் சங்கராந்திக்குக் கிடைக்காது.

அன்புடன்,
உங்கள்
கார்வேட்டி